கணமும் கதையும்: ‘கசபிளங்கா’வை முன்வைத்து ஒரு மறுப்பு

காதல் திரைப்படங்கள் பற்றிய நமது உரையாடல்கள் பெரும்பாலும் இரு முனைகளில் முடங்கிவிடுகின்றன. ஒரு சாரார் தமக்குப் பிடித்த கணங்களை மட்டும் பொறுக்கியெடுத்து வியந்து நிற்பர். மறுசாரார், காதற்கதை என்றதுமே அது சமூக யதார்த்தத்திலிருந்து தப்பியோடும் வழியெனத் தீர்ப்புக் கூறுவர். முன்னையோர் கணத்தைக் கதையிலிருந்து பிரிக்கின்றனர். பின்னையோர் கதைச் சுருக்கத்தோடு நின்று கணத்தைக் காண மறுக்கின்றனர். இவ்விரு நிலைப்பாடுகளும் பிழையானவை என்பதற்கு மைக்கேல் கேர்ட்டிஸ் இயக்கி 1942இல் வெளிவந்த ‘கசபிளங்கா’ தக்க சான்றாகும்.

நாஸிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா செல்ல விழையும் அகதிகள் விசாவுக்காகக் காத்துக்கிடக்கும் மொறொக்கோ நகரம். அங்கு மதுச்சாலை நடத்தும் றிக். முன்பு பாரிஸில் காரணங் கூறாது அவனைப் பிரிந்த இல்சா, தன் கணவனாகிய எதிர்ப்பியக்கத் தலைவன் லாஸ்லோவுடன் அங்கு வருகிறாள். இப்படத்தை நினைவுகூர்வோர் இறுதியில் வரும் விமான நிலையப் பிரிவையே பேசுவர். ஆயின் அப்பிரிவுக்கான மனமாற்றம் அதற்கு முன்வரும் சில நொடிகளிலேயே தொடங்கிவிடுகின்றது.

பல்கேரியாவிலிருந்து வந்த இளம்பெண் அனினா, விசாவுக்கு விலையாகப் பொலிஸ் தலைவன் றெனோ தன்னையே கேட்பதை மறைமுகமாக றிக்கிடம் உணர்த்துகிறாள். கணவனின் நலனுக்காகத் தவறொன்றைச் செய்து, அதை அவனிடமிருந்து மறைக்கும் பெண்ணை மன்னிக்கலாமா என்பதே அவள் வினா. இல்சாவும் ஓர் உண்மையை மறைத்தவளே. எனவே அவ்வினா றிக்கின் புண்ணையே தீண்டுகிறது. அவன் நேர்விடை கூறவில்லை. எழுந்து சென்று, சூதாட்ட மேசையிலிருக்கும் அவள் கணவனை 22ஆம் எண்ணில் இருமுறை வெல்லச் செய்கிறான். தனிமனிதக் காதல் துயரம் பிறர் துயரத்தை அறியும் கண்ணாகும் இடம் இதுவே.

சற்றுப் பின்னர், ஜேர்மன் அதிகாரிகளின் பாட்டுக்கு எதிராகப் பிரெஞ்சுத் தேசிய கீதத்தை இசைக்குமாறு லாஸ்லோ வாத்தியக் குழுவைப் பணிக்கிறான். குழுவினர் றிக்கை நோக்குகின்றனர். அவன் தலையசைக்கிறான், அவ்வளவே. எந்தப் பக்கமும் சாராதவன் பக்கம் சார்ந்துவிட்டான். கண்ணீருடன் பாடும் இவோனாக நடித்த மடலீன் லெபோவும், 22ஐ வெல்லச் செய்யும் சூதாட்ட ஊழியனாக நடித்த மார்சல் டாலியோவும் 1940இல் பாரிஸை விட்டுத் தப்பி வந்தவர்கள். அக்கண்ணீரைத் தப்பியோடும் கலையென்று எவ்வாறு கூறுவது?

இது போர்க்காலப் பிரசாரப் படமெனச் சிலர் மறுக்கலாம். போர்க்காலச் சார்பு அதில் உண்டு என்பது மெய்யே. அதனினும் வலுவான குற்றச்சாட்டு ஒன்றுண்டு: 1912 முதல் 1956 வரை பிரெஞ்சு ஆதிக்கத்திலிருந்த மண்ணில், ஆதிக்கவாதியின் கீதமே விடுதலைப் பாடலாக ஒலிக்கின்றது, மொறொக்கோ மக்களோ பின்னணி உருவங்களாகவே நிற்கின்றனர். இது மறைக்கலாகாத குறைபாடு. ஆனால் இக்குறையைக் கதைச் சுருக்கம் காட்டாது. பாடுவோர் யார், பாடாது நிற்போர் யார் என அந்தக் கணத்தையே ஊன்றி நோக்குபவனுக்குத்தான் அது புலனாகும்.

இறுதியில் றெனோ, ‘விஷி’ என்ற பெயர் பொறித்த தண்ணீர்ப் போத்தலைக் குப்பைக்கூடையில் எறிந்து உதைக்கிறான். நாஸிகளுக்குப் பணிந்த பிரெஞ்சு அரசின் பெயரும் அதுவே. ஓர் அரசியல் விலகலை உரையாடலின்றிச் சொல்லிவிடும் செயல் இது. இதனை வெறும் நகைச்சுவையாக இரசிப்பவனும், பாராமலே ஒதுக்குபவனும் ஒரே பிழையையே செய்கின்றனர்.

பிடித்த கணங்களைப் பேசுவது குற்றமன்று. அக்கணம் எதனால் விளைந்தது, எதனை விளைவித்தது என்று வினவாது விடுவதே குற்றம். அவ்வினாவை எழுப்பாத இரசனை சோம்பலாகும். அதனை எழுப்பாத சமூக விமர்சனமும் சோம்பலே.