பாலிசித் தொகை விபத்துக்கு விபத்து புதுப்பிறவி எடுப்பதில்லை

"பாலிசியில் 25 லட்சம் போட்டிருக்கு. எத்தனை விபத்து நடந்தாலும் ஒவ்வொன்றுக்கும் 25 லட்சம் வரும்." தேனியிலிருந்து கூடலூர் வரை, மேஸ்திரிகளும் சென்ட்ரிங் வேலையைச் சப்-கான்ட்ராக்ட் எடுப்பவர்களும் இப்படித்தான் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. குடும்பத்தின் நிலத்தை விற்கவைக்கும் அளவுக்கு ஆபத்தானதும்கூட.

இது எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. நமக்கெல்லாம் இன்சூரன்ஸ் அறிமுகமானது வண்டி வழியாக. கம்பம் மெட்டிலும் போடி மெட்டிலும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் கவிழ்ந்தால், வழக்கு மோட்டார் வாகனத் தீர்ப்பாயத்துக்குப் போகும். வண்டியின் தேர்டு பார்ட்டி பாலிசியில் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் தொகை வரம்பு கிடையாது. எத்தனை விபத்து நடந்தாலும் அப்படித்தான். அதைப் பார்த்துப் பழகிய கண், கட்டட பாலிசியையும் அதே மாதிரி படிக்கிறது.

கட்டட வேலையில் வெளியாருக்கு நேரும் பாதிப்புக்கான பாலிசி வேறு வகை. அதில் பொதுவாக இரண்டு தொகை இருக்கும்: ஒரு விபத்துக்கு இவ்வளவு, ஆண்டு முழுவதற்கும் சேர்த்து இவ்வளவு. சில பாலிசிகளில் இரண்டும் ஒரே எண்ணாக இருக்கும். அங்கேதான் ஏமாறுகிறோம். இரண்டாவது தொகை, ஒருமுறை வற்றினால் அடுத்த மழைக்காலம் வரை நிரம்பாத கண்மாய்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு வரம்புமே 25 லட்சம். கணவாய்க் காற்று வீசும் ஆடியில், கம்பத்தில் சாரம் சரிந்து தெருவில் போனவர் இறக்கிறார். இழப்பீடு 18 லட்சம். மிச்சம் 7 லட்சம்தான். தை மாதம் சின்னமனூரில் அஸ்திவாரம் தோண்டும்போது பக்கத்து வீடு இடிகிறது. நஷ்டம் 15 லட்சம். 8 லட்சம் மேஸ்திரியின் கையிலிருந்து போக வேண்டும். பல பாலிசிகளில் வக்கீல் செலவும் இதே தொகைக்குள்தான் கழியும். கம்பம், சின்னமனூர், போடி என்று மூன்று இடத்தில் ஒரே பாலிசியில் வேலை நடந்தால், மூன்றுக்கும் அந்த ஒரே தொகைதான்.

இந்தக் கட்டுப்பாடு கம்பெனிக்காரர்கள் ரகசியமாகச் செருகியது அல்ல. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, ஆபத்தான ரசாயனங்களைக் கையாளும் ஆலைகளுக்காக 1991-இல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டு விதிகளே ஒரு விபத்துக்கு 5 கோடி, ஆண்டுக்கு மொத்தம் 15 கோடி என்று இரண்டு வரம்பு வைத்தன. அவ்வளவு பெரிய சாவைப் பார்த்த பிறகு எழுதிய விதியிலேயே மொத்தத்துக்கு எல்லை உண்டு என்றால், ஒரு மேஸ்திரியின் பாலிசியில் இல்லாமலா போகும்?

வரம்பு ஆண்டுக்கா, வேலை முடியும் வரைக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். மதுரை–போடி அகலப்பாதைக்காக 2010 கடைசியில் நின்ற ரயில், போடிக்குத் திரும்ப வந்தது 2023 ஜூனில். வேலை இப்படி இழுக்கும் ஊரில், முழுக் காலத்துக்கும் ஒரே தொகை என்ற பாலிசி எதற்குப் போதும்?

இதைவிடக் கொடுமை ஒப்பந்தத்தில் இருக்கிறது. எந்த நஷ்டம் வந்தாலும் நானே ஈடுகட்டுவேன் என்று மெயின் கான்ட்ராக்டரிடம் எழுதிக் கொடுக்கிறோம். அந்த வாக்குறுதிக்கு உச்சவரம்பே இல்லை. பாலிசி தீர்ந்த பிறகும் அது தீராது. பில் தொகையில் பிடித்துக்கொள்வார்கள். இன்னொன்று: நம் சித்தாளும் கொத்தனாரும் இந்தப் பாலிசியில் வெளியார் ஆகமாட்டார்கள். அவர்களுக்குத் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி தனியாக வேண்டும்.

ஏஜென்ட் நீட்டும் சான்றிதழ், எவ்வளவுக்குப் பாலிசி எடுத்தோம் என்றுதான் காட்டும். எவ்வளவு மிச்சம் என்று காட்டாது. ஒரு கிளைம் ஆன உடனே மிச்சத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூடுதல் பிரீமியம் கட்டித் தொகையை மறுபடி நிரப்ப கம்பெனி சம்மதிக்குமா என்று அன்றைக்கே கேளுங்கள். சம்மதிக்காவிட்டால், அடுத்த சைட்டில் சாரம் கட்டுவதற்கு முன் அந்த வேலைக்கென்று தனி பாலிசி எடுங்கள். அதன் செலவை ரேட்டில் சேர்த்துக் கேளுங்கள்.