சாயம் பனியனுக்கா, பட்டாணிக்கா?

சனிக்கிழமை சம்பளம் வந்தால் திருப்பூர் கடைவீதியில் கால் வைக்க இடமில்லை. பனியன் கம்பெனியில் ஷிப்டு முடித்து அசதியோடு வருகிறவர், கலரைப் பார்த்துத்தான் வாங்குகிறார். பச்சைப்பசேல் பட்டாணி, பிள்ளைக்கு ரோஸ் கலர் பஞ்சு மிட்டாய்!

அந்த ரோஸில் என்ன இருந்தது? துணிக்குப் போடும் 'ரோடமின்-பி' சாயம்! ஆய்வுக்கூடச் சோதனையில் அது சிக்கியதும், 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டது. சாயப்பட்டறை ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டுமா என்ன? கையில் பட்டாலே லேசில் போகாது. வயிற்றுக்குள் போனால்?

மிட்டாய்க்குத் தடை வந்தாச்சு. பட்டாணி, டீத்தூளை யார் பார்ப்பது? வீட்டிலேயே பார்க்கலாம். பட்டாணியை அரை மணி நேரம் தண்ணீரில் போடுங்கள். தண்ணீர் பச்சையானால் சாயம்தான். ஈரமான வடிதாளில் டீத்தூளைத் தூவிக் கழுவுங்கள். கறை நின்றால் கலப்படம். மலிவாகக் கிடைத்ததே என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் புகார் அனுப்பலாம்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. சோதனைக்குச் சனிக்கிழமை சாயங்காலம் வாருங்கள். திங்கட்கிழமை பகலில் வந்தால் காலி மூட்டைதான் கிடைக்கும்!