நண்பர் மனுவில் டெக்சாஸ் எங்கே?

மதிப்பிற்குரிய டெக்சாஸ் மாநில அட்டர்னி ஜெனரல் அவர்களுக்கு,

இந்த மாநிலத்தில் வரி கட்டுகிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். அதிபரின் ஆணையை ஆதரித்து உங்கள் அலுவலகம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 'நீதிமன்ற நண்பர்' மனு (வழக்கின் தரப்பினர் அல்லாதவர் போடும் மனு) போடும்போது, அதில் டெக்சாஸைத் தேடவேண்டியிருக்கிறது.

வழக்குப் போடும்போது நீங்கள் அப்படி இல்லை. 2014 நவம்பரில் ஒபாமா அரசு, அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ள பிள்ளைகளின் ஆவணமற்ற பெற்றோரை நாடுகடத்துவதைத் தள்ளிவைக்கும் திட்டத்தை அறிவித்தது. சுமார் 40 லட்சம் பேர் சம்பந்தப்பட்ட விஷயம். டெக்சாஸ் தலைமையில் 26 மாநிலங்கள் எதிர்த்தன. வழக்காடும் தகுதி எதை வைத்துக் கிடைத்தது? அந்தத் திட்டத்தில் சேர்பவர்களுக்கு மாநிலம் கொடுக்கவேண்டிய ஓட்டுநர் உரிமத்தை வைத்து. உரிமம் ஒன்றுக்கு மாநிலத்துக்குக் குறைந்தது 130 டாலர் 89 சென்ட் நட்டம் என்ற கணக்கை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2016இல் உச்ச நீதிமன்றம் நாலுக்கு நாலு என்று பிரிந்ததால் கீழ்நீதிமன்றத் தடையே நிலைத்தது.

2018இல், சில நாட்டவர் அமெரிக்காவுக்குள் நுழைவதை நிறுத்திய டிரம்பின் பயணத்தடை வழக்கு. இப்போது நீங்கள் அதிபரின் பக்கம், நண்பராக. அன்று கையைப் பிடித்து இழுத்தவர்கள் இன்று முதுகில் தட்டுகிறார்கள் என்று சிலர் கேலி பேசினார்கள். நான் அதில் சேரமாட்டேன். காங்கிரஸ் அதிகாரம் கொடுத்த இடத்தில் அதிபரின் பலம் கூடும், காங்கிரஸின் விருப்பத்துக்கு மாறாக நடந்தால் குறையும் என்று 1952 எஃகு ஆலை வழக்கிலேயே நீதிபதி ஜாக்சன் சொல்லிவிட்டார். 2014 திட்டத்துக்குக் காங்கிரஸ் அதிகாரம் தரவில்லை என்பது உங்கள் வாதம்; வெளிநாட்டவர் நுழைவை நிறுத்திவைக்கவோ குடியேற்றச் சட்டமே அதிபருக்கு இடம் தருகிறது. ஆகவே உங்கள் இரண்டு நிலைகளுக்கும் நியாயம் சொல்லலாம். வாஷிங்டன் மாநிலமும்தான் 2016இல் ஒபாமாவுக்கு ஆதரவாக நண்பர் மனு போட்டுவிட்டு, 2017 ஜனவரியில் டிரம்ப் மீது வழக்குத் தொடுத்தது.

ஆனால் இந்தச் சட்ட வாதத்தை அதிபரின் சொலிசிட்டர் ஜெனரலே அழகாக வைத்துவிடுவாரே! அதையே பச்சை மேலுறை போட்டு இன்னொரு முறை அச்சடிப்பானேன்? தரப்பினர் சொல்லாததைச் சொல்லும் நண்பர் மனுதான் உதவி, மற்றது சுமை என்று உச்ச நீதிமன்றத்தின் 37ஆம் விதி கூறுகிறது.

2016 வழக்கில் முன்னாள் குடியேற்றத் துறை அதிகாரிகள் சிலர் நண்பர் மனு போட்டார்கள். முந்தைய அதிபர்கள் காலத்தில் நாடுகடத்தலை எப்படித் தள்ளிவைத்தார்கள் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரிந்த விஷயம். அதைச் சொன்னார்கள். உங்களுக்கும் அப்படித் தெரிந்தவை உண்டு. பயணத்தடையால் நம் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு வர இயலாத மாணவர்கள் எத்தனை பேர்? ஹூஸ்டன் மருத்துவமனைகளுக்கு வராமல்போன மருத்துவர்கள் எத்தனை பேர்?

2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட பிறப்புரிமைக் குடியுரிமை ஆணை எங்கள் தமிழர் வீடுகளையே தொட்டது. தாயும் தந்தையும் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருந்தால், டல்லாஸில் பிறக்கும் குழந்தை குடிமகன் ஆகாது என்றது அது. பிறப்புச் சான்றிதழ் கொடுப்பதோ மாநிலம்.

இனி இத்தகைய ஆணைக்கு ஆதரவாக எழுதும்போது, பெற்றோரின் விசாவை இங்கே யார் சரிபார்ப்பார், அதற்கு எத்தனை ஊழியர் வேண்டும், குழந்தை ஒன்றுக்கு என்ன செலவு என்பதை முதல் பக்கத்திலேயே போடுங்கள். அதிபரின் வாதத்துக்குப் பாதகமாக இருந்தாலும் போடுங்கள்.

இப்படிக்கு,
டல்லாஸ் தமிழன் ஒருவன்