பழைய டர்போ காரைப் புதுப்பிக்கிறீர்களா? முதலில் ஆயிலைக் கவனிங்க!

ஸ்வீடனின் சாப் நிறுவனம் 1977-ல் காட்டிய கார், சாப் 99 டர்போ. 2 லிட்டர் இன்ஜினில் 145 குதிரைத்திறன்! 2011-ல் சாப் கார் நிறுவனம் திவாலாகிவிட்டது. ஆனாலும், இந்தக் காரை வாங்கி வீட்டு ஷெட்டிலேயே புதுப்பிப்பவர்கள் இன்றும் உண்டு.

வண்டி ஓடத் தொடங்கியதும் பலருக்கு வரும் ஆசை, டர்போவின் பூஸ்ட்டைக் கூட்டுவது. ஆபத்தே அங்கேதான். காற்று கூடுகிற அளவுக்குப் பெட்ரோல் கூடாவிட்டால், பிஸ்டனே உருகிவிடலாம்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான். எனவே, ஆயில் குழாயையும் விரிசல் விட்ட ரப்பர் ஹோஸ்களையும் முதலில் மாற்றுங்கள். வேகமாக ஓட்டி வந்தால் உடனே அணைக்காமல், ஓரிரு நிமிடங்கள் ஐடிலில் விடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே நிற்கும் ஆயில் சூட்டில் கருகி, பேரிங் பாழாகும். பூஸ்ட்டைக் கூட்டுவது கடைசி வேலையாக இருக்கட்டும்!