தோட்டத்து ஓரத்து விலை

கோகோ என்றதும் நம் பக்கத்தில் பலருக்கு ஞாபகம் வருவது பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிப் போகும் சாக்லேட்தான். அது எந்த மரத்தில் காய்க்கிறது, யார் பறிக்கிறார்கள், அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று நாம் கேட்பதில்லை. சென்ற வருஷம் பொள்ளாச்சி பக்கம் கோட்டூரில் என் சகலை வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். அங்கே பார்த்ததையும், பிரெஞ்சு படித்த பழக்கத்தால் மேற்கு ஆப்பிரிக்காவைப் பற்றி வாசித்ததையும் சேர்த்து யோசித்தபோது, நம் இளையான்குடி மிளகாய்க்காரர்களுக்கு அதில் ஒரு பாடம் இருப்பதாகப் பட்டது. அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

என் பள்ளிப் படிப்பு புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். பூகோள வகுப்பில் ஆப்பிரிக்காவின் படத்தை விரித்து வைத்து ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விளைபொருளைப் பாடம் செய்யச் சொல்வார்கள். செனெகால் என்றால் வேர்க்கடலை. கோத் திவ்வார் என்றால் காக்காவோ, அதாவது கோகோ. 'தந்தக் கடற்கரை' என்று பொருள்படும் பெயர் அது. எங்கள் பெயரை எந்த மொழியிலும் மொழிபெயர்க்க வேண்டாம் என்று 1985-இல் அந்நாட்டு அரசு முடிவு செய்துவிட்டதால் நானும் கோத் திவ்வார் என்றே எழுதுகிறேன். உலகத்துக் கோகோவில் ஐந்தில் இரண்டு பங்கு அந்த ஒரு நாட்டில் விளைகிறது. பக்கத்து நாடான கானாவையும் சேர்த்தால் பாதிக்கு மேல்.

பொள்ளாச்சி நமக்குத் தெரிந்த சந்தை ஊர். செவ்வாயும் வியாழனும் மாட்டுச் சந்தை. தேங்காய், இளநீர், வெல்லம் என்று லாரி லாரியாக வியாபாரம். அந்தத் தென்னந்தோப்புகளுக்குள் நுழைந்து பார்த்தால்தான் கோகோ கண்ணில் படும். தென்னை நிழலில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே கவாத்து செய்து நிறுத்திய மரங்கள். காய் கிளை நுனியில் தொங்குவதில்லை. நம் பலாவைப்போல அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு காய்க்கிறது. உடைத்தால் உள்ளே வெள்ளைச் சதை மூடிய முப்பது, நாற்பது கொட்டைகள். அந்தச் சதையைச் சப்பிப் பார்த்தேன். புளிப்பும் இனிப்புமாக நன்றாகவே இருக்கிறது. சாக்லேட் வாசனை மட்டும் துளியும் இல்லை. கொட்டையைப் பெட்டியில் போட்டு மூடி ஐந்தாறு நாள் புளிக்கவிட்டு, பிறகு ஒரு வாரம் வெயிலில் காயவைத்து, அதன் பிறகு வறுத்தால்தான் அந்த வாசனை வரும்.

கோகோ நமக்குப் புதிய பயிர் என்று நினைக்க வேண்டாம். 1798-இலேயே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அம்போன் தீவிலிருந்து கொண்டுவந்து நம் குற்றாலத்தில் நட்டிருக்கிறார்கள். அப்போது அது பரவவில்லை. 1960-களில் வயநாட்டில் மறுபடி தொடங்கி, பிறகு தென்னைக்கும் பாக்குக்கும் ஊடுபயிராகத் தெற்கே பரவியது. சகலை வைத்ததற்குக் காரணம் வேறு. 2016-இலிருந்து அந்தப் பக்கத் தென்னையைச் சுருள் வெள்ளை ஈ பிடித்து ஆட்டுகிறது. வேர் வாடல் நோய் வேறு. "அண்ணே, தென்னையை மட்டும் நம்பி உட்கார்ந்தா சோத்துக்கே வழியில்லாம போயிரும்" என்றார். தென்னைக்குப் பாய்ச்சும் தண்ணீரிலேயே கோகோவும் வளர்கிறது என்பது அவருக்கு லாபக் கணக்கு.

இப்போது விலைக்கு வருவோம். 2023-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் பேய்மழை, காய் அழுகல், அதற்குப் பின் வறட்சி. மரங்களும் கிழடு தட்டியவை. வைரஸ் நோய் வேறு. விளைச்சல் விழுந்தது. டன் 2,500 டாலர் அளவில் கிடந்த கோகோ, 2024 டிசம்பரில் 12,000 டாலரைத் தாண்டியது. நம் நாட்டில் அந்த வருஷம் ஏப்ரல், மே மாதத்திலேயே காய்ந்த கொட்டை கிலோ 1,000 ரூபாயைத் தொட்டுவிட்டது. அதற்கு முன் 200, 250 என்று விற்ற சரக்கு. அடுத்த வருஷமே பாதிக்கு இறங்கியது. ஆந்திராவில் ஏலூர் பக்கம் விவசாயிகள் தெருவில் இறங்கிப் போராட, மாநில அரசு தலையிட்டுக் கிலோவுக்கு 50 ரூபாய் தன் கையிலிருந்து போட வேண்டி வந்தது.

சகலையிடம் கேட்டேன்: "நாளைக்கு என்ன விலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" அவர் சிரித்துவிட்டு, "எடைபோட வர்றவர் சொன்னாத்தான் அண்ணே தெரியும்" என்றார். அவர்கள் பெரும்பாலும் ஈரக் கொட்டையாகவே கொடுத்துவிடுகிறார்கள். மூன்று கிலோ ஈரக் கொட்டை சுமார் ஒரு கிலோ காய்ந்த கொட்டை ஆகும். ஈரக் கொட்டையை வைத்திருக்க முடியாது; நாற்றமெடுத்து வீணாகிவிடும். வைத்திருக்க முடியாத பொருளை விற்பவனால் பேரம் பேசவும் முடியாது. இது கோகோவுக்கு மட்டும் உள்ள நியாயம் அல்ல என்பது உங்களுக்கே தெரியும்.

கோத் திவ்வாரில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வருஷா வருஷம் அக்டோபரில் பருவம் தொடங்கும்போது, ஒரு கிலோவுக்கு விவசாயிக்கு இவ்வளவு என்று அரசு அறிவிக்கிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ப்ரி போர் ஷாம்', அதாவது தோட்டத்து ஓரத்து விலை. துறைமுகத்தில் என்ன விலை, லண்டனில் என்ன விலை என்ற பேச்சே இல்லை. உன் தோட்டத்து வரப்பில் வைத்து உன் கையில் தர வேண்டிய தொகை எவ்வளவு என்பதுதான் பேச்சு. டலோவா, சுப்ரே மாதிரி சந்தை ஊர்களிலிருந்து கிராமத்து மண்பாதைகளில் சரக்குப் பிடிக்க வரும் ஆளை அங்கே 'பிஸ்தேர்' என்பார்கள். 'பிஸ்த்' என்றால் தடம். தடம் பிடித்து வருபவன். அவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், படிக்காத விவசாயிக்கும் அந்த வருஷத்து எண் தெரிந்திருக்கும். வானொலியில் கேட்டிருப்பான்.

அந்த ஏற்பாட்டில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1989-இல் உலக விலை சரிந்தபோது, கிலோ 400 பிராங்காக இருந்த விவசாயி விலையை அரசே 200 ஆக்கியது. 2024 ஏப்ரலில் பொள்ளாச்சிக்காரர் 1,000 ரூபாய் பார்த்தபோது அங்கே விவசாயிக்கு அறிவித்த விலை 1,500 பிராங்க். நம் கணக்கில் 200 ரூபாய்க்குச் சற்று மேல். முன்கூட்டியே விற்று முடித்த சரக்கு என்பதால் ஏற்றத்தின் பலன் அவர்களுக்கு வந்து சேரவில்லை. அது 2,800 பிராங்க் ஆனது 2025 அக்டோபரில்தான். உலக விலை அறிவித்த விலைக்குக் கீழே போனால் வாங்க ஆள் வராமல் மூட்டை தேங்கும் ஆபத்தும் உண்டு. விலையை அறிவிப்பது ஒரு கால் என்றால், விவசாயிகள் ஒன்றாக நிற்பது இன்னொரு கால். ஒற்றைக் காலில் நடக்க முடியாது.

ஒன்றாக நிற்பதற்குக் கானாவில் ஒரு உதாரணம் உண்டு. 1937-இல் ஐரோப்பியக் கம்பெனிகள் தங்களுக்குள் போட்டியில்லாமல் விலையைப் பேசி வைத்துக்கொண்டன. விவசாயிகள் விற்க மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். மறு வருஷம் ஏப்ரல் வரை கோகோ துறைமுகத்துக்கு இறங்கவில்லை. லண்டனிலிருந்து விசாரணைக் குழு வந்தது. பத்து வருஷத்தில் கோகோ விற்பனை வாரியமும் வந்தது. அவர்கள் கையில் இருந்தது காய்ந்த கொட்டை என்பதையும் கவனியுங்கள். புளிக்கவைத்துக் காயவைத்த கொட்டை கிடந்து பொறுக்கும். அதனால் அவர்களாலும் பொறுக்க முடிந்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் மங்களூரைப் பாருங்கள். 1973-இல் வாரணாசி சுப்ராய பட் என்பவர் முன்னின்று பாக்கு விவசாயிகளைச் சேர்த்து 'காம்ப்கோ' கூட்டுறவு சங்கத்தைத் தொடங்கினார். சில வருஷங்களில் கோகோ விலை விழுந்தது. வாங்கிக்கொண்டிருந்தவர்கள் கையை உதறினார்கள். கேரளத்தில் பலர் மரத்தை வெட்டினார்கள். காம்ப்கோ தன் உறுப்பினர்களின் கொட்டையை வாங்கியது. வாங்கியதை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதிலாக 1986-இல் புத்தூரில் சொந்தமாகச் சாக்லேட் ஆலையே கட்டியது. அது இன்றும் ஓடுகிறது. பாக்கு விற்றவர்கள் சாக்லேட் செய்ய முடிந்திருக்கிறது.

இனி நம் ஊர். இளையான்குடி பக்கம் என் மைத்துனர் குண்டு மிளகாய் போடுகிறார். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் மைத்துனர் மூட்டையை ஏற்றிக்கொண்டு போகும்போது அன்றைய விலை அவருக்குத் தெரியாது. ஒரு மண்டியில் மாதிரிக்கென்று அள்ளியதும், சாக்கு எடைக்கென்று கழித்ததும், தரகும் போக அவர் கையில் வந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வாகனச் சத்தம் கொடுத்துச் சரக்கைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்பது வாங்குபவருக்கும் தெரியும். நெல்லுக்காவது பருவத்துக்கு முன்பே ஆதார விலை என்று ஒரு எண் இருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் என்ன குறை இருந்தாலும் அந்த எண்ணைக் காட்டிச் சண்டை போடலாம். மிளகாய்க்கு அந்த எண் கிடையாது.

விலை விழும்போது என்ன ஆகும் என்பதை இந்தச் சீமை மறக்கக் கூடாது. பர்மாவில் 1930-இல் நெல் விலை சரிந்தது. அப்போது கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு பங்கு. 1938-இல் இருபத்தைந்து பங்கு. அவர்கள் நிலம் தேடிப் போனவர்கள் அல்ல, கடன் கொடுத்தவர்கள். விலை விழுந்ததால் கடன் திரும்பவில்லை, நிலம் வந்தது. பர்மா விவசாயி நிலத்தை இழந்தான். பின்னால் செட்டியார்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. கடைசியில் இரண்டு பக்கமும் நஷ்டம்.

என் தாழ்மையான கருத்து இதுதான். மிளகாய்க்கும் ஒரு தோட்டத்து ஓரத்து விலை வேண்டும். தை மாதம் பழம் பறிக்கத் தொடங்கும் முன், இதற்குக் கீழே போனால் அரசு தலையிடும் என்று ஒரு எண்ணை மாவட்டத்துக்குச் சொல்ல வேண்டும். 2025 பிப்ரவரியில் ஆந்திர மிளகாய்க்கு மத்திய அரசு குவிண்டாலுக்கு 11,781 ரூபாய் என்று அறிவித்தது. விலை விழுந்து கூச்சல் கிளம்பிய பிறகு. விழுவதற்கு முன் சொல்வதில் அரசுக்கு என்ன கஷ்டம்? இரண்டாவது, நம் ஆட்கள் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சரக்கை வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கப் பழக வேண்டும். மிளகாய் நன்றாகக் காய்ந்தால் கிடந்து பொறுக்கும் பொருள். ஈரக் கோகோ மாதிரி அன்றைக்கே தள்ளிவிட வேண்டியதில்லை. மூன்றாவது, நம் ஊர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் விதையும் உரமும் விற்பதோடு நிற்காமல் மிளகாயைத் தரம் பிரித்துப் பொடியாக்கி விற்கும் வரை போக வேண்டும். சிவகங்கைக்குப் பக்கத்தில் முத்துப்பட்டியில் நறுமணப் பொருள் பூங்கா இருக்கிறது. அது யாருக்காகக் கட்டப்பட்டதோ அவர்கள் அதன் வாசலைத் தாண்டிப் போக வேண்டும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். மைத்துனரும் அப்படித்தான் கேட்டார். கானாவில் எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகள் ஆறு மாதம் மூட்டையை வீட்டில் அடுக்கிவைத்துக் காத்திருந்தார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இந்த வருஷம் பத்து மூட்டையையாவது கூடத்துல வச்சுப் பாக்குறேன், அத்தான்" என்றார். பத்து மூட்டை சின்ன எண்தான். அவரைப்போல ஊருக்குப் பத்துப் பேர் வைத்தால் மண்டியில் பேச்சின் தொனி மாறும் என்று நம்புகிறேன். நம்மைப் போன்ற ஓய்வூதியக்காரர்கள் அவர்களுக்கு அந்தக் கடன் படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாமே. அந்த வேலையைத்தானே வாழ்நாள் முழுக்கச் செய்தோம்.