அரைவட்டத் தகடு

பெட்ரோல் பங்க்கில் ‘இ20’ என்ற ஸ்டிக்கரைப் பார்த்தாலே எனக்குச் சுள்ளென்று ஏறுகிறது. நூற்றில் இருபது பங்கு எத்தனால். 2030-க்கு வைத்த இலக்கை 2025-லேயே தொட்டுவிட்டோம் என்று அரசு மார்தட்டுகிறது, தட்டட்டும். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதைப் பொடி எழுத்திலாவது போட்டிருக்கலாம். பழைய வண்டிகளின் ரப்பர் குழாயும் பம்ப் டயாஃப்ரமும் இதை எதிர்பார்த்தா செய்யப்பட்டன?

கோபம் நாட்டுக்காக அல்ல, மச்சானின் பழைய ஹெரால்டு காருக்காக. பெட்ரோல் குழாயை மாற்றலாம் என்று போனால், இன்ஜினே போர்டிகோவில் இறங்கிக் கிடந்தது. எத்தனால் அங்கேயே மறந்துபோனது.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம்மூர் வண்டி. வடிவம் இத்தாலியர் மிக்கெலோட்டியுடையது, மூலம் இங்கிலாந்தின் டிரையம்ஃப், பிறப்பு 1961 முதல் சென்னையில். 948 சி.சி., நான்கு சிலிண்டர். பானெட் மட்கார்டோடு சேர்ந்து முழுதாக முன்பக்கம் கவிழும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். கியர்பாக்ஸைக் காருக்குள்ளிருந்தே, நடு மூடியைக் கழற்றி எடுத்துவிடலாம். இன்றைய காரில் பானெட்டைத் தூக்கினால் கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று ‘உனக்கு இங்கே என்ன வேலை?’ என்று கேட்கிறது. இதை முன்பும் புலம்பியிருக்கிறேன், இனியும் புலம்புவேன்.

எல்லாமே வீட்டில் நடக்காது. சிலிண்டர் போர் போடுவதும் கிராங்க்கை கிரைண்ட் செய்வதும் லேத்துப் பட்டறை வேலை. 2000-ல் பெட்ரோலிலிருந்து ஈயம் போய்விட்டதால், வால்வு உட்காரும் இடத்தில் கெட்டியான வளையமும் அங்கேயே இறக்கியாயிற்று. மற்றதெல்லாம் போர்டிகோவில், ஓய்வுபெற்ற ஃபிட்டர் அண்ணன் ஒருவரின் மேற்பார்வையில்.

அவர் என் கையில் வைத்துக் காட்டிய சாமான்தான் இந்த வாரம் என்னை எழுத வைத்தது. திரஸ்ட் வாஷர். அரைவட்டமாக இரண்டு மெல்லிய தகடுகள். பின்பக்க மெயின் பேரிங்கின் இருபுறமும் நின்று, கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுப்பவை. கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க்கை முன்னால் தள்ளுகிறோம். அந்தத் தள்ளலைத் தாங்குவது இவைதான். தேய்ந்து தேய்ந்து ஒருநாள் ஆயில் சம்ப்புக்குள் விழும். பிறகு இரும்பும் இரும்பும் உரச, பிளாக்கே பாழ். பரிசோதிக்கக் கருவிகூட வேண்டாம்: ஒருவர் கிளட்ச்சை மிதிக்க, இன்னொருவர் முன்னாலிருக்கும் புல்லியைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற அளவு நகர்ந்தால் தாமதிக்கக் கூடாது. இருக்க வேண்டிய இடைவெளியே அங்குலத்தில் ஆயிரத்தில் நாலைந்து பங்குதான்.

இந்தத் தகட்டில் பள்ளம் வெட்டிய பக்கம் கிராங்க்கைப் பார்த்தபடி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டாலும் உட்காரும் என்பதுதான் ஆபத்து. அண்ணன் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்து, எடுத்து, மறுபடி நுழைத்துப் பார்த்தார். பழைய கார் கண்காட்சிகளில் குரோமியத்தில் முகம் பார்த்துக்கொள்பவர்களில் எத்தனை பேர் புல்லியைப் பார்த்திருப்பார்கள்?

செயின் பிளாக்கில் இன்ஜின் தொங்கியபோது வாக்குவாதம் தொடங்கியது. கிளட்ச் பிளேட் சரியாக நடுவில் நிற்காவிட்டால் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் நுழையாது. “தள்ளுங்க மாப்பிள்ளை” என்றார் மச்சான். “தள்ளாதீங்க சார், ஆட்டுங்க” என்றார் அண்ணன். ஆட்டினோம். நுழைந்தது.

பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை ஓடவிட்டோம். ஆயில் விளக்கு அணைந்த பிறகுதான் அண்ணன் பிளக்குகளை மாட்டவிட்டார். இன்ஜின் பிடித்ததும் மச்சானுக்கு அவர் சொன்ன ஒரே வாழ்த்து: “சிக்னல்ல கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டே நிக்காதீங்க. நியூட்ரல் போடுங்க.”

மச்சான் தலையாட்டினார். அடுத்த நிமிடமே பெயிண்ட் பேச்சை எடுத்தார். வெளிர் நீலமா, கிரீமா என்று. முதலில் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டி ஆயிலை மாற்றுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றேன்.