கட்டளை யார் கையில்?

தொலைக்காட்சி, ஒலிபெருக்கி, விளக்கு ஆகிய அனைத்தையும் இருந்த இடத்திலிருந்தே ஒரு கணினியால் இயக்கும் வீடுகள் இன்று உண்டு. அவற்றைக் கண்டு வியக்கும் நாம், காஞ்சிபுரத்து நெசவாளர் இல்லங்கள் சிலவற்றையும் எட்டிப் பார்க்க வேண்டும். அங்கே கணினி இயக்குவது பொழுதுபோக்குச் சாதனத்தை அன்று. குடும்பத்திற்குச் சோறு போடும் தறியை.

பட்டுச் சேலையின் கரையில் மயிலும் மாங்காயும் எவ்வாறு தோன்றுகின்றன? ஊடை இழை குறுக்கே செல்லும் ஒவ்வொரு முறையும், பாவிழைகளில் எவை மேலெழ வேண்டும், எவை தாழ்ந்திருக்க வேண்டும் என்னும் கட்டளையே அவ்வடிவம். பிரான்சு நாட்டு லியோன் நகரத்தவரான ஜோசப் மரி ஜக்கார்டு, 1804-இல், அக்கட்டளையைத் துளையிட்ட அட்டைகளில் பதித்து இயங்கும் பொறியை அமைத்தார். துளையிருந்தால் இழை எழும், இல்லையேல் எழாது. இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணிப்பொறிக்கு இவ்வட்டை முறையையே மேற்கொண்டார். 1890-ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கும் துளையட்டைகளாலேயே தொகுக்கப்பட்டது. ஆகவே, கணினி தறிக்குக் கடன்பட்டது.

இன்று அக்கடனைத் தீர்க்கவே அது தறிக்கூடம் புகுந்துள்ளது எனலாம். மின்னணு ஜக்கார்டில் அட்டைக்கட்டுகள் இல்லை. கணினியில் கட்டம் கட்டமாக வரைந்த வடிவம் கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. அதன்படி, இழை தூக்கும் கொக்கிகளை மின்காந்தங்கள் தெரிவு செய்கின்றன. புதிய வடிவத்திற்காக அட்டைகளைத் துளையிட்டுக் கோக்கும் உழைப்பு மிச்சம். எனினும், கைத்தறியில் நாடாவை ஓட்டுவதும், உடலையும் கரையையும் கோர்வையாய் இணைப்பதும் கைத்திறனே.

இங்கே பெற்றோர் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. வடிவத்தை வேறொருவர் வரைந்து தர, நாம் பொத்தானை மட்டும் அழுத்தினால், தறி நம் வீட்டில் இருக்கும். கட்டளை அயலார் கையில் இருக்கும். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தின் வழியே நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் மடிக்கணினி பெற்றனர். படம் பார்க்கப் பயன்படும் அக்கருவி படம் வரையவும் பயன்படும். மகனோ மகளோ, தந்தையின் தறியருகே அமர்ந்து இழைக்கணக்கைக் கற்று, அதைக் கணினியில் வரையப் பழகட்டும். வரைந்த கோப்பின் பிரதியொன்றை வீட்டிலும் பத்திரப்படுத்தட்டும்.

இயக்கத் தெரிந்தவர் கருவியைப் பயன்படுத்துகிறார். கட்டளை எழுதத் தெரிந்தவரே அதனை ஆள்கிறார்.